வழக்கமா, வழிபாடா? மதுரை மிஷன் எதிர்கொண்ட பண்பாட்டு எல்லைச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமயம் வேற்றுப் பண்பாட்டு மண்ணில் பரவும்போது அம்மண்ணின் வாழ்க்கைமுறையில் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்னும் வினா எழுகிறது. தமிழகத்திற்கு வந்த ஐரோப்பியக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் இவ்வினாவிற்கு விடை காண, உலகியல் வழக்கம், சமயச் சடங்கு என மக்கள் வாழ்வை இரு கூறாகப் பிரித்தனர். இப்பிரிவினை மறைப்பணிக்கு வழி திறந்தது. அதேவேளையில் சாதி வேற்றுமையை வழக்கத்தின் பக்கம் நிறுத்தித் திருச்சபைக்குள் அதற்கு இடமும் அளித்தது. சப்பான், சீனா ஆகிய நாடுகளின் நிகழ்வுகளோடு ஒப்பிட்டு மதுரை மிஷனின் அனுபவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறைப்பணி, தெ நொபிலி, மலபார்ச் சடங்குகள், மொழிபெயர்ப்பு, பறங்கி, சாதி, பண்டாரசாமி

முன்னுரை

கிறித்தவ மறைப்பணி வரலாற்றைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் பணியாளர்களின் தொண்டினையோ அவர்கள்மீது எழுந்த கண்டனங்களையோ முதன்மைப்படுத்துகின்றன. அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களின் இயல்பு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கடற்பயணம், நோய், அரசியல் எதிர்ப்பு ஆகியன வெளிப்படையான இடர்கள். அவற்றினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. குடுமி, பூணூல், சந்தனம், தாலி, உணவு, நீராடல் ஆகியவை சமயத்தைச் சார்ந்தவையா, வாழ்வியலைச் சார்ந்தவையா என்பதை முடிவு செய்யாமல் எந்தப் பணியாளராலும் ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுக்க இயலவில்லை. முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது என்பதே இதில் அடங்கியுள்ள அடிப்படை வினா. 1606இல் தொடங்கும் தெ நொபிலியின் மதுரைப் பணி இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

1. சொல் என்னும் முதல் தடை

வேற்றுப் பண்பாட்டுக்குள் நுழையும் பணியாளர் முதலில் சந்திப்பது மொழியையே. கடவுளைக் குறிக்க உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் அச்சொல்லோடு பழைய பொருளும் உடன் வரும். அயற்சொல்லைப் புகுத்தினால் கேட்போர்க்கு அது வெற்றொலியாகவே நிற்கும்.

புனித சவேரியார் 1549இல் சப்பானில் இறங்கியபோது, அவருக்கு மொழிபெயர்த்துதவிய அஞ்சிரோ என்பவர் கடவுளுக்குத் 'தைனிச்சி' என்னும் சொல்லைத் தந்தார். அது சிங்கோன் பௌத்தப் பிரிவினர் போற்றும் மகா வைரோசன புத்தரின் பெயர். அதனால் தொடக்கத்தில் பௌத்தத் துறவியர் அவரைத் தம்மவர்போல் வரவேற்றனர். 1551இல் உண்மை தெரிந்ததும் சவேரியார் அச்சொல்லைக் கைவிட்டு 'தேயுசு' என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கத் தொடங்கினார். எதிர்ப்பாளர்களோ அதனைப் 'பெரும்பொய்' என்னும் பொருள்படும் சப்பானியத் தொடராகத் திரித்து எள்ளினர். உள்ளூர்ச் சொல் தவறான பொருளைத் தந்தது; அயற்சொல் நகைப்புக்கு இடம் தந்தது.

தமிழிலும் இதே தடுமாற்றத்தைக் காணமுடிகிறது. அன்றீக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தலைவனைக் குறிக்கும் 'தம்பிரான்' என்னும் சொல் சைவ மரபில் சிவபெருமானுக்கும், பின்னர் மடத்துத் துறவியர்க்கும் வழங்கிய சொல்லாகும். 1579இல் வெளிவந்த 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் நூற்பெயரோ போர்த்துக்கேயச் சொல்லின் ஒலிபெயர்ப்பைக் கொண்டது. ஓராண்டு இடைவெளியில் ஒரே ஆசிரியரிடம் இரு வழிகளும் காணப்படுகின்றன.

பின்வந்தோர் சொல்லை மாற்றிக்கொண்டே சென்றனர். தெ நொபிலி வடமொழி சார்ந்த 'சர்வேசுரன்' என்பதை நிலைநாட்டினார். கத்தோலிக்கர் வழக்கில் அது நெடுங்காலம் நீடித்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அதனையே எடுத்தாண்டார். பப்ரிசியசு 'பராபரன்' என்றார். 19ஆம் நூற்றாண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்றது. ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லின் குறையை நீக்க வந்து, தனக்கென ஒரு குறையையும் கொண்டிருந்தது. 'தேவன்' பல தேவர்களுள் ஒருவன் எனவும் பொருள்படும் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் பொது மொழிபெயர்ப்பு வந்த பின்னரும் சீர்திருத்தச் சபையினர் பலர் 'தேவன்' என்னும் சொல்லை விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்லுக்கு வாழ்வளிப்பது அதனைச் சொல்லி வழிபடும் மக்களே என்பதை இது காட்டுகிறது.

2. 'பறங்கி' என்னும் அடையாளம்

சொல்லை அடுத்து வந்தது அடையாளச் சிக்கல். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆகவே கடற்கரையில் கிறித்தவமும் போர்த்துக்கேய ஆதிக்கமும் ஒன்றாகவே அறியப்பட்டன. நாயக்கர் ஆண்ட மதுரையிலோ போர்த்துக்கேயரின் படைவலிமைக்கு இடமில்லை. அங்கு 'பறங்கி' என்பது மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தூய்மை பேணாதவர் என்னும் இழிவுப் பொருளில் வழங்கியது.

போர்வீரராக இருந்து துறவியான கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துக்கேயர் 1595 அளவில் மதுரையில் பணியாற்றத் தொடங்கினார். பள்ளியும் மருந்தகமும் நடத்திய அவர், மதுரைக்கு வந்து செல்லும் பரதவக் கிறித்தவர்க்கு வழிகாட்டினார். பதினோர் ஆண்டுகள் கடந்தும் உள்நாட்டார் ஒருவரும் அவர் வழியாக மனம் மாறவில்லை. திருமுழுக்குப் பெற வருவோரிடம் பறங்கியர் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. சமயம் மாறுதல் என்பதைக் குலம் மாறுதலாகவே கேட்போர் உணர்ந்தனர் என்பதற்கு இக்கேள்வியே சான்றாகும்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி இந்தத் தடையைக் கண்டறிந்தார். தாம் பறங்கி அல்லர், உரோமை நகரின் உயர்குடியில் பிறந்த துறவி என அறிவித்தார். காவியுடை அணிந்து, புலால் நீக்கி, ஒருவேளை உண்டு, பிராமணச் சமையற்காரரை அமர்த்தித் தனி இல்லத்தில் வாழ்ந்தார். சிவதருமர் என்னும் பிராமண ஆசிரியரிடம் வடமொழி கற்றார். தத்துவ போதகர் என்று அழைக்கப்பெற்ற அவர் 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிருணயம்' முதலிய நூல்களை இயற்றித் தமிழ் உரைநடை வளர்ச்சிக்கும் பங்களித்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் தம் குடுமியையும் பூணூலையும் களையவில்லை. பறங்கி என்னும் பெயரிலிருந்து விலகி நிற்பதற்காக, பெர்னாண்டசோடும் அவர்வழிப் பரதவரோடும் அவர் வெளிப்படையான தொடர்பைத் தவிர்த்தார். மதுரையில் ஒரே சபையைச் சேர்ந்த இரு துறவியர் இரு சாதியார்போல் வாழ நேர்ந்தது.

3. ஒரே வழக்கத்திற்கு இரு விளக்கங்கள்

தெ நொபிலியின் முறையைப் பெர்னாண்டசு கடுமையாக எதிர்த்து மேலிடத்திற்கு முறையிட்டார். அதற்கு விடையாகத் தெ நொபிலி 1613இல் இந்திய வழக்கங்களைப் பற்றி இலத்தீனில் விரிவான விளக்கம் எழுதினார். பூணூலும் குடுமியும் குலத்தையும் தகுதியையும் காட்டும் உலகியல் அடையாளங்கள், சந்தனம் உடற்பொலிவுக்கானது, நீராடல் தூய்மைக்கானது என்பன அவருடைய வாதங்கள். உரோமையரின் பழைய வழக்கங்கள் பலவற்றைத் தொடக்கத் திருச்சபை பொருள் மாற்றி ஏற்றுக்கொண்டதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார்.

பெர்னாண்டசு 1616இல் பிராமணச் சடங்குகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு செயலும் மந்திரத்தோடும் வழிபாட்டோடும் பிணைந்துள்ளது என்பதைக் காட்டுவது அதன் நோக்கம். இருவருமே பிராமண மரபுச் செய்திகளையே சான்றாகக் கொண்டனர். ஆனால் எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தனர். தெ நொபிலி வழக்கத்தைச் சமயத்திலிருந்து பிரித்தெடுத்தார். பெர்னாண்டசு அப்பிரிவே இயலாது என்றார். பூணூல் அணிதல் ஒரு சடங்கின் வழியே நிகழ்வது என்ற வகையில் பெர்னாண்டசின் அவதானிப்பு உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அதனை ஏற்றால் மறைப்பணி கடற்கரையைத் தாண்டாது என்ற வகையில் தெ நொபிலியின் கவலையும் உண்மையானதே.

1619இல் கோவாவில் கூடிய அவையில் இச்சிக்கல் விவாதிக்கப்பட்டுப் பின்னர் உரோமைக்குச் சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கைக் கூறுகளை நீக்கிவிட்டுப் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைத் தொடர இசைவளித்தது. குலப்பெருமை கொண்டோர் எளியோரை, குறிப்பாகத் திருச்சபைக்குள், இகழலாகாது என்ற அறிவுரையும் அந்த ஆணையில் இடம்பெற்றது. இசைவு முழுமையாகப் பின்பற்றப்பட்டது. அறிவுரையோ ஏட்டளவில் நின்றது.

4. சீனத்திலிருந்து ஓர் ஒப்பீடு

மத்தேயோ ரிச்சி 1582இல் மக்காவுக்கு வந்து, முதலில் பௌத்தத் துறவியர் உடையணிந்தார். கற்றோர் அவையில் அவ்வுடைக்கு மதிப்பில்லை எனக் கண்டு 1595இல் கன்பூசிய அறிஞரின் உடைக்கு மாறினார். முன்னோர்க்கும் கன்பூசியசுக்கும் செய்யும் மரியாதை நன்றிக்கடனேயன்றி வழிபாடன்று என்பது அவர் கொள்கை. தெ நொபிலி பூணூலுக்குக் கூறிய விளக்கத்தை ரிச்சி முன்னோர் மரியாதைக்குக் கூறினார் எனலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீனத்தில் சிக்கலுக்கு உள்ளான சடங்கு எல்லாக் குடும்பத்தாரும் தம் முன்னோர்க்குச் செய்வது. தமிழகத்தில் சிக்கலுக்கு உள்ளானவற்றுள் பல, ஒரு குலத்தாரைப் பிறரிடமிருந்து பிரித்துக்காட்டுபவை. முன்னதை ஏற்றதால் ஒருவர் மற்றொருவரினும் தாழ்ந்துவிடவில்லை. பின்னதை ஏற்றபோது தாழ்வும் உடன் ஏற்கப்பட்டது. இவ்வேறுபாட்டை உரோமை அதிகாரிகள் பெரிதும் கருதவில்லை. இரு நாட்டுச் சிக்கல்களையும் ஒரே அளவுகோலால் அளந்தனர்.

5. மலபார்ச் சடங்குகள் குறித்த தடை

இரு சிக்கல்களையும் ஆராயத் திருத்தந்தை அனுப்பிய தூதர் ஒருவரே. தூர்னோன் என்னும் அத்தூதர் 1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்தார். உடல்நலக் குறைவால் உள்நாட்டு மிஷன் ஊர்களுக்குச் செல்லாமல் அங்கேயே தங்கினார். 1704இல் 16 கூறுகள் கொண்ட ஆணையை வெளியிட்டுச் சீனத்திற்குப் புறப்பட்டார். அங்கும் அவரது தலையீடு மோதலில் முடிந்தது. சீனப் பேரரசர் காங்சி, சடங்குகளைக் கண்டித்த திருத்தந்தையின் ஆணையைக் கண்டு 1721இல் கிறித்தவப் பரப்புரைக்குத் தடை விதிக்க முற்பட்டார்.

தூர்னோனின் தமிழக ஆணையில் பலவகைச் செய்திகள் ஒன்றாகக் கலந்திருந்தன. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடுதல், கிறித்தவ இசைக்கலைஞர் கோயில் விழாக்களில் இசைத்தல் ஆகியன தடுக்கப்பட்டன. தமிழர் அருவருக்கும் என்று பணியாளர் தவிர்த்துவந்த, திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கு கட்டாயமாக்கப்பட்டது. மாதவிலக்குற்ற பெண்களை அருட்சாதனத்திலிருந்து விலக்கலாகாது என்றும், நோயுற்ற பறையர் இல்லங்களுக்குள் குருக்கள் செல்ல மறுக்கலாகாது என்றும் ஆணையிடப்பட்டது.

உமிழ்நீர் பற்றிய விதியும் பறையர் இல்லம் பற்றிய விதியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது கருதத்தக்கது. முன்னது ஐரோப்பியச் சடங்கொன்றை அயல்மண்ணில் திணிப்பது. பின்னது மனித மாண்பைக் காப்பது. ஆணையிட்டவர்க்கு இரண்டும் திருச்சபை ஒழுங்குகளே. எதிர்த்த பணியாளர்க்கும் இரண்டும் மறைப்பணிக்கு இடையூறுகளே. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டு வெளியிட்ட ஆணை தடையை உறுதிசெய்தது. ஆயினும் பறையர்க்கெனத் தனிப் பணியாளர்களை ஒதுக்கும் ஏற்பாட்டிற்கு அது இடம் தந்தது. சடங்குகளில் காட்டப்பட்ட கண்டிப்பு சாதியில் தளர்ந்தது.

6. மக்கள் வரைந்த கோடு

வழக்கத்திற்கும் வழிபாட்டிற்கும் இடையே பணியாளரும் உரோமையும் கோடு வரைந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ் மக்கள் தம் நோக்கில் வேறு கோடுகளை வரைந்திருந்தனர். இதற்கு இரு சான்றுகள் போதும்.

முதலாவது, மறவர் நாட்டில் பணியாற்றிய அருளானந்தரின் மரணம். தடியத்தேவர் என்னும் குறுநிலத் தலைவர் கிறித்தவராகியபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். ஒருதார மணம் திருச்சபைக்குச் சமய ஒழுக்கம். மறவர் அரசியலிலோ மண உறவு என்பது அதிகாரப் பிணைப்பு. அப்பிணைப்பு அறுந்ததன் விளைவாக 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டு இறந்தார்.

இரண்டாவது, தரங்கம்பாடிக் கடிதங்கள். 1706இல் வந்த சீகன்பால்கும் அவருடைய உடன்பணியாளரும் தமிழரிடம் கேள்விகள் அனுப்பி விடைகளைப் பெற்றனர். அவை செருமானிய மொழியில் ஆலே நகரில் வெளியிடப்பட்டன. கிறித்தவத்தை ஏற்கத் தடை யாது என்பதற்குத் தமிழர் கொள்கை மறுப்பைக் காட்டிலும் நடத்தைக் குறைகளையே முன்வைத்தனர். கிறித்தவர் பசுவைக் கொன்று உண்கின்றனர், மது அருந்துகின்றனர், உடல்தூய்மை பேணுவதில்லை என்றனர். உணவும் தூய்மையும் உலகியல் செய்திகள் என்று பணியாளர் கருதினர். ஒரு சமயத்தின் உண்மையை அளக்கும் கோல்களாகவே விடையளித்தோர் அவற்றைக் கருதினர்.

7. பிரிவினையின் விலை

தெ நொபிலியின் காலத்திலேயே, பிராமணத் துறவிபோல் வாழ்பவர் தாழ்த்தப்பட்டோரிடம் செல்ல இயலாது என்பது வெளிப்பட்டது. அதற்கு மாற்றாக 1640இல் பண்டாரசாமி என்னும் தனி வகுப்புப் பணியாளர் தோன்றினர். பல்தசார் தா கோஸ்தா அவர்களுள் முதல்வர். பிராமணரல்லாத சைவத் துறவியர் கோலம் பூண்ட இவர்கள் பல சாதியாரிடமும் பழகினர். மதுரை மிஷனில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் இவர்கள் வழியே வந்தவர்கள். தொண்டு பெருகியது, கூடவே, சாதிக்கேற்பக் குரு என்னும் ஏற்பாடும் நிலைபெற்றது.

வழக்கம் வேறு, சமயம் வேறு என்னும் வாதம் பின்னர்ப் பணியாளரின் கையை விட்டு மக்களின் கைக்கு மாறியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இதற்கு உரிய சான்று. புதிய பணியாளர்கள் பழைய விவிலியத் தமிழை மாற்றுவதையும், தமிழ்ப் பாடல்களைத் தடுப்பதையும், மணவிழாவிலும் இறுதிச் சடங்கிலும் மலர் அணிவதை மறுப்பதையும், சாதி வேற்றுமையை ஒழிக்க முனைவதையும் அவர் ஒருசேரக் கண்டித்து 1829இல் எழுதினார். சாதியாசாரம் உலகியலைச் சேர்ந்தது. அதில் குருமார்க்கு உரிமையில்லை என்பது அவர் நிலைப்பாடு. தெ நொபிலி உரோமையின் முன் வைத்த வாதமே இங்குச் சீர்திருத்தச் சபைக் கவிஞர் ஒருவரிடமிருந்து திரும்பி வருகிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தேனியல் வில்சன் சபைக்குள் சாதியை முற்றிலும் விலக்க ஆணையிட்டபோது, தஞ்சைப் பகுதியில் பலர் சபையை விட்டு விலகினர்.

இருதரப்பிலும் ஒரே பிழை இருந்தது என்பது கவனத்திற்குரியது. சாஸ்திரியார் தமிழ்ப் பாடலையும் மலரையும் காக்கப் புகுந்து, அவற்றோடு சாதியையும் காத்தார். புதிய பணியாளர்கள் சாதியை ஒழிக்கப் புகுந்து, அதனோடு பாடலையும் மலரையும் ஒதுக்கினர். அழகு தரும் வழக்கத்தையும் இழிவு தரும் வழக்கத்தையும் பிரித்துப் பார்க்கும் அளவுகோல் இருவரிடமும் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் இச்சிக்கல் கட்டடமாகவே உருப்பெற்றது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயம் இரு கூடங்கள் பீடத்தில் வந்து இணையுமாறு 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. சாதியார் ஒரு கூடத்திலும் ஏனையோர் மறு கூடத்திலும் அமர்ந்தனர். 1910இல் இப்பிரிவினைத் தடுப்பு அகற்றப்பட்டது. தனியிடம் தம் உரிமை என வாதிட்டு உயர்சாதியார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வுரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. தனிக் கல்லறைகள் குறித்து இன்றும் எழும் பூசல்கள் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

முடிவுரை

மதுரை மிஷனின் அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, வழக்கமா வழிபாடா என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. ஒரே பூணூலைத் தெ நொபிலியும் பெர்னாண்டசும் இருவகையாகக் கண்டனர். அணிந்தவர் மூன்றாவது வகையாகக் கண்டிருக்கவும் கூடும்.

இரண்டாவதாக, இக்கோட்டை வரைந்தோர் எவரும் அதனால் பாதிக்கப்பட்டவர் அல்லர். மதுரையில் துறவியரும், கோவாவில் அவையினரும், உரோமையில் திருத்தந்தையரும் வரைந்தனர். பின்னர்ச் சாஸ்திரியார் போன்ற உயர்குலக் கிறித்தவரும் வரைந்தனர். மறு கூடத்தில் அமர்ந்தவரிடம் கருத்துக் கேட்கப்பட்டதாக இவ்வாவணங்கள் காட்டவில்லை. 1980களில் உருப்பெற்ற தலித் இறையியல், கேட்கப்படாத அக்குரலையே தன் தொடக்கமாகக் கொண்டது.

மூன்றாவதாக, பண்பாட்டுத் தழுவல் என்பது தன்னளவில் நன்மையோ தீமையோ அன்று. தமிழுக்கு உரைநடை நூல்களையும், அகராதிகளையும், தேம்பாவணி போன்ற காப்பியத்தையும் தந்தது அத்தழுவலே. ஆலயத்துக்குள் இரு கூடங்களுக்கு இடம் தந்ததும் அதுவே. ஒரு வழக்கம் சமயத்தைச் சார்ந்ததா என்று கேட்ட அளவிற்கு, அவ்வழக்கத்தால் யார் தாழ்கிறார் என்று கேட்கப்படவில்லை. 1623ஆம் ஆண்டின் ஆணையில் இவ்வினாவிற்கான விதை ஓர் அறிவுரையாக இருந்தும், இசைவு மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. வேற்றுப் பண்பாட்டில் செயற்படும் எந்தச் சமயத்தையும் மதிப்பிட முனையும் ஆய்வுக்கு, அந்த இரண்டாவது வினாவே உரிய தொடக்கமாகும்.